ஜீரோ காட்டும் மீட்டரை நம்பாதீர்கள்: அணுமின் நிலைய வாயு, கதிர்வீச்சுக் கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் உலை வெடித்ததும் கைக்குக் கிடைத்த மீட்டர்கள் மணிக்கு 3.6 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு) காட்டின. விநாடிக்கு 1,000 மைக்ரோராண்ட்ஜனுக்கு மேல் அவற்றால் காட்டவே முடியாது. அதை மணிக்கணக்குக்கு மாற்றினால் வருவதுதான் இந்த 3.6. முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றதையே அளவீடாக எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குச் சொன்னார்கள். சிதைந்த உலைக்குப் பக்கத்தில் நிஜ அளவு அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. முள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் பதிவேட்டில் எண்ணை எழுதாதீர்கள், "வரம்பைத் தாண்டியது" என்று எழுதுங்கள்.

கதிர்வீச்சைத் துடிப்பு துடிப்பாக எண்ணும் கெய்கர் குழாய் இன்னும் வம்பு பிடித்தது. ஒரு துடிப்பை எண்ணி முடித்ததும் சுமார் 100 மைக்ரோவிநாடிக்கு அது கண்ணை மூடிக்கொள்ளும். விநாடிக்கு 1,000 துடிப்பு எண்ண வேண்டிய இடத்தில் 909 காட்டினால் பெரிய நஷ்டமில்லை. 10,000 வர வேண்டிய இடத்தில் 5,000தான் காட்டும். அதற்கும் மேலே போனால் சில மாடல்கள் திணறி ஜீரோவுக்கே இறங்கிவிடும். அதனால் சந்தேகமான அறைக்குள் போனபிறகு மீட்டரை ஆன் செய்யாதீர்கள். வெளியிலேயே ஆன் செய்து, பெரிய ரேஞ்சில் வைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே நுழையுங்கள். ஏறிக்கொண்டே வந்த அளவு காரணமில்லாமல் சரிந்தால் வந்த வழியே திரும்புங்கள். அந்த இடத்துக்கு, துடிப்பை எண்ணாமல் கதிர்வீச்சு வாயுவில் உண்டாக்கும் மின்னோட்டத்தை அளக்கும் அயன் சேம்பர்தான் வேண்டும்.

வாயு பக்கம் வந்தால், ஹைட்ரஜன்தான் முதல் கவலை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பலரும் வாங்கி வைப்பது கேட்டலிட்டிக் சென்சார். பாசிமணி போன்ற சின்ன மணி ஒன்றின் மேல் வாயுவை எரித்து, அந்தச் சூட்டை அளக்கும் கருவி அது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டுமே! சில கொதிநீர் உலைகளின் கன்டெய்ன்மென்ட்டில் (உலையைச் சுற்றியுள்ள காப்பு அறையில்) நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனை 4 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். அங்கே ஹைட்ரஜன் நிறைந்து கிடந்தாலும் இந்த சென்சாரை நம்ப முடியாது. வெப்பக் கடத்தலை அளக்கும் வகைதான் அங்கே சரி. ஹைட்ரஜன் காற்றைவிட ஏறக்குறைய 7 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். இதிலும் ஒரு கண்ணி உண்டு. மாதிரி வாயுவிலுள்ள நீராவியை உலர்த்திவிட்டு அளந்தால், வரும் எண் உலர்ந்த வாயுவுக்கு உரியது. உள்ளே பாதி நீராவி என்றால், கருவி காட்டும் 8 சதவீதம் உள்ளே 4 சதவீதம்தான்.

சிலிகான் ஸ்ப்ரே, சிலிகான் சீலன்ட் இரண்டும் கேட்டலிட்டிக் மணிக்கு விஷம். விஷம் ஏறிய சென்சார் சுத்தமான காற்றில் அழகாக ஜீரோ காட்டும், ஆகவே ஜீரோ சோதனை எதையும் நிரூபிக்காது. சோதனை வாயுவை ஊதித்தான் பார்க்க வேண்டும்: காற்றில் கலந்த 2 சதவீத ஹைட்ரஜன் ஊதினால் எரியும் வரம்பான 4 சதவீதத்தில் பாதி, அதாவது 50 சதவீதம் காட்ட வேண்டும். சிலிண்டர் லேபிளை ஒருமுறை படியுங்கள். எரிய ஆக்சிஜன் இல்லாத, நைட்ரஜனில் கலந்த ஹைட்ரஜனை ஊதிவிட்டு, நல்ல சென்சாரைக் குப்பையில் போடுவது அடிக்கடி நடக்கும்.

அயன் சேம்பரில் ஓடும் மின்னோட்டம் கீழ் முனையில் ஆம்பியரின் லட்சம் கோடியில் சில பங்கு. கனெக்டரின் வெள்ளை இன்சுலேட்டரை விரலால் தொட்டால் போதும், கைப்பிசுக்கும் ஈரமும் சேர்ந்து அந்த அளவுக்கு மின்னோட்டத்தைக் கசிய விடும். பஞ்சிழை விடாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்தபிறகே பூட்டுங்கள்.

கனநீர் உலைகளில் டிரிட்டியத்தை (கதிர்வீசும் ஹைட்ரஜன் வகை) கெய்கரால் தேடுவது வீண். அதன் பீட்டா துகளின் உச்ச ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட், காற்றில் 6 மில்லிமீட்டர் தாண்டாது. குழாயின் சன்னலுக்குள் எப்படிப் போகும்? காற்றை உள்ளிழுக்கும் அயன் சேம்பரோ, நீரில் குமிழியாக்கிப் பிடித்து ஆய்வகத்தில் எண்ணும் முறையோ வேண்டும்.

காற்றிலுள்ள கதிரியக்க அயோடினைப் பிடிக்கக் கரி கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக் குப்பி) வைத்தால் கதிரியக்க வாயுவான செனானும் அதில் ஒட்டி, இல்லாத அயோடினைக் காட்டும். விபத்து நேரத்துக்கு, செனான் அதிகம் ஒட்டாத வெள்ளி ஜியோலைட் கார்ட்ரிட்ஜை எடுத்து, மிச்ச செனானும் போக எண்ணும் முன் சுத்தமான காற்றால் கழுவி விடுங்கள். மாதிரிக் குழாய் நீளமாகவும் வளைவாகவும் இருந்தால் அயோடின் சுவரிலேயே படிந்துவிடும், கார்ட்ரிட்ஜுக்கு வந்து சேராது.

மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும் கதிர் மூலத்தின் ஸ்டிக்கரில் உள்ள எண் ஒட்டிய நாளுக்குத்தான் சரி. கோபால்ட்-60 இரண்டே ஆண்டில் 77 சதவீதத்துக்குக் குறைந்துவிடும். ஸ்டிக்கர் எண் வரும்வரை கெயினை (காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகியை) திருகினால் அதன்பிறகு எல்லா அளவும் 30 சதவீதம் கூடித்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று, இது புதியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்வது. நிலையாகப் பொருத்திய சில மானிட்டர்களுக்குள் சின்னக் கதிர் மூலம் ஒன்றை வைத்திருப்பார்கள், முள் ஒருபோதும் ஜீரோவுக்கு வராமலிருக்க. ஜீரோ வந்தால் கருவி செத்துவிட்டது என்று கீழ்-எச்சரிக்கை மணி அடிக்கும். "காலி அறையில் ஏன் இவ்வளவு காட்டுகிறது?" என்று ஜீரோ திருகியைத் திருப்பி அதைத் துடைத்து, தொல்லை தரும் மணியையும் அணைத்துவிட்டால், அன்றிலிருந்து அந்த மானிட்டர் உயிரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.