வைஃபையில் இருக்கும் அந்தப் பெயரில்லாத கருவி எது?

போன மாதம் எங்கள் வீட்டு ரவுட்டர் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு கருவி இருந்தது. பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் அதன் மேக் முகவரியை, அதாவது வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்த்தேன். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நேரே 12 இலக்க மேக் முகவரி இருக்கும்; அதில் எண்களோடு A முதல் F வரையிலான எழுத்துகளும் இலக்கங்களாக வரும். முதல் 6 இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை ஐட்ரிபிள்இ (IEEE) என்ற தொழில்நுட்பத் தர அமைப்பு உற்பத்தியாளருக்கு ஒதுக்கியவை; அதன் தளத்திலேயே இலவசமாகத் தேடலாம். 00:80:77 என்றால் பிரிண்டர் செய்யும் பிரதர், 00:11:32 என்றால் சேமிப்புக் கருவிகள் செய்யும் சைனாலஜி.

தேடும் முன் இரண்டாவது இலக்கத்தைக் கவனியுங்கள். அது 2, 6, A, E இவற்றில் ஒன்றா? அப்படியானால் அது பெரும்பாலும் மென்பொருள் தானாக உருவாக்கிக்கொண்ட முகவரி, நிறுவனத்தின் பெயர் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் செல்போன்கள் இப்படித்தான் இணைகின்றன. வீட்டில் உள்ளவர்களின் போனை வாங்கி, வைஃபை அமைப்பில் தெரியும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, என் கருவிக்கு வந்த பெயர் எஸ்பிரெசிஃப். அந்தப் பெயரில் நான் எதுவும் வாங்கியதில்லை. அது வைஃபை சிப் செய்யும் நிறுவனம். பெட்டியில் அச்சிட்ட பெயருக்குப் பதில் உள்ளே இருக்கும் சிப்பின் பெயர்தான் பல நேரம் வரும். மீன்தொட்டிக்குப் போட்டிருந்த ஸ்மார்ட் பிளக்கைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் பட்டியலில் அந்த வரி மறைந்தது.