நெல்லைச் சீமையில் பெரிய பூசணி: குறைந்த செலவில் ஒரே காயை வளர்த்தெடுக்கும் முறை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 பூசணி சாதாரணமாக 7 முதல் 8 கிலோ வரை எடையுள்ள காய்களைத் தரும். ஒரு கொடியில் பல காய்கள் பங்கிட்டுக்கொள்ளும் உணவு முழுவதையும் ஒரே காய்க்குத் திருப்பிவிட்டால், அதே விதையிலிருந்து அதைவிடப் பெரிய காயை எடுக்க முடியும். முதல் முயற்சியில் வழக்கமான எடையைப் போல இரண்டு மடங்கு கிடைத்தாலே அது நல்ல விளைச்சல் என்று நான் கருதுகிறேன். இங்கே சொல்வது மஞ்சள் பூசணியைப் பற்றியது. தடியங்காய்க்கு, அதாவது வெள்ளைப் பூசணிக்கு, இந்த முறை அப்படியே பொருந்தாது.

முதலில் விதையையும் பட்டத்தையும் முடிவு செய்யுங்கள்

2023ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் 1,247 கிலோ எடை காட்டி அன்றைய உலகச் சாதனை படைத்த பூசணியைப் போன்றவை, கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹோவர்ட் டில் உருவாக்கிய அட்லாண்டிக் ஜெயன்ட் ரகத்தின் வழிவந்தவை. அந்த விதை இணையத்தில் விலைக்குக் கிடைத்தாலும், குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய அந்தக் கொடி நம் பங்குனி வெயிலைத் தாங்கி நிற்பது கடினம் என்பதால், புதியவர்கள் அதில் பணம் போட வேண்டாம். கோ 1 விதையோ, உங்கள் ஊரில் பெரிய காய் காய்க்கும் கொடி என்று பெயர் பெற்ற ஒன்றின் நாட்டு விதையோ போதும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் விதை இருப்பு உள்ளதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஜூன், ஜூலை மாதங்களும் டிசம்பர், ஜனவரி மாதங்களும் பூசணிக்கு ஏற்ற பருவங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம் வழக்கமென்றாலும், பெரிய காய்க்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று இளங்கொடியின் அகன்ற இலைகளைக் கிழித்துவிடும். அதிலிருந்து தப்பினாலும், கோ 1 ரகத்தின் வயது ஏறத்தாழ 175 நாட்கள் என்பதால், காய் பருக்கும் காலம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து விழும். ஈரத்தில் கிடக்கும் காய் அடியில் அழுகும். மழை ஓய்ந்த மார்கழியில் விதைத்தால் இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் பெண்பூக்கள் அதிகமாக வருவதற்கும் துணை செய்கின்றன.

குழி: செலவைக் குறைக்கும் இடம் இதுதான்

வழக்கமான குழி ஒரு அடி நீளம், அகலம், ஆழம் கொண்டது. நமக்கு மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் வேண்டும். சுற்றிலும் கொடி ஓடுவதற்குப் பதினைந்து அடிக்குப் பதினைந்து அடியாவது வெற்றிடம் இருக்க வேண்டும். வயலாக இருந்தால் நீர் தேங்காத மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

உர மூட்டைகளை விலை கொடுத்து வாங்குவதற்கு முன் ஊரைச் சுற்றிப் பாருங்கள். கோடையில் வற்றிய குளத்தின் வண்டல் மண்ணை வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று எடுத்துக்கொள்ளலாம். ஆலங்குளம், நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணில் அந்த வண்டலைக் கலந்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும். ஆட்டுக்கிடை போடுபவர்களிடம் புழுக்கை எருவும், மாடு வளர்க்கும் வீடுகளில் நன்றாக மக்கிய தொழு உரமும், விறகடுப்பு எரியும் வீடுகளில் சாம்பலும் கிடைக்கும். சாம்பலில் பொட்டாஷ் சத்து உண்டு. அளவாகப் போட வேண்டும். குழிக்கு இரண்டு மூன்று சாக்கு மக்கிய எரு, அதே அளவு வண்டல், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு, இரண்டு கை சாம்பல் ஆகியவற்றை மேல்மண்ணோடு கலந்து, தரைமட்டத்துக்கு மேல் அரையடி உயரும்படி நிரப்புங்கள். இந்த வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிட்டால், மழைக்காலம் முழுவதும் எரு மேலும் மக்கி, விதைக்கும்போது மண் பக்குவமாக இருக்கும். மக்காத சாணத்தைப் போடாதீர்கள். அதன் சூடு இளவேரைக் கருக்கிவிடும்.

விதைப்பும் கொடியை நடத்துவதும்

குழிக்கு நான்கைந்து விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, மூன்று நான்கு இலைகள் விட்டபின் வலுவான ஒரே நாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வேர் அசையாதபடி கிள்ளிவிடுங்கள். சிவப்பு வண்டு இந்தப் பருவத்தில்தான் இலையைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது சலித்த சாம்பலைத் தூவுவதும், வண்டுகளைக் கையால் பிடித்து அழிப்பதும் ஒரு கொடிக்குப் போதுமானவை.

முதன்மைக் கொடியை நேராக ஓடவிட்டு, அதிலிருந்து இருபுறமும் கிளைக்கும் பக்கக் கொடிகளை ஆறேழு அடி வளர்ந்ததும் நுனி கிள்ளுங்கள். பக்கக் கொடியிலிருந்து மறுபடி கிளைப்பவற்றை முளையிலேயே எடுத்துவிட வேண்டும். அடுத்து வருவதைப் பலர் செய்வதில்லை. ஆனால் காயின் எடையைப் பெரிதும் தீர்மானிப்பது இதுவே. தரையில் படரும் கொடியின் ஒவ்வொரு கணுவின் மேலும் இரண்டு கை எரு கலந்த மண்ணைப் போட்டு மூடினால், அங்கெல்லாம் புதிய வேர்கள் இறங்கும். கொடி ஓரிடத்தில் குடிப்பதற்குப் பதிலாகப் பல இடங்களில் குடிக்கத் தொடங்கும். மண் மூடிய இடங்களின் மேல் வைக்கோலோ வாழைச் சருகோ பரப்பிவிட்டால் நீர்ச்செலவும் களையும் குறையும்.

பூ, பிஞ்சு, ஒரே காய்

ஆண்பூக்கள் முதலில் வரும். சில நாட்கள் கழித்து, அடியில் சிறு காய் போன்ற உருண்டையுடன் பெண்பூ வரும். வேருக்கு அருகில் வரும் முதல் பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டு, முதன்மைக் கொடியில் எட்டு முதல் பத்து அடி தொலைவில் உள்ள பெண்பூவைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் காயை ஊட்டத் தேவையான இலைகள் உருவாகியிருக்கும். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து வெயில் ஏறும்போது மூடிக்கொள்ளும் என்பதால், ஏழு மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூலகமுடி முழுவதும் படும்படி மென்மையாகத் தடவுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று பூக்களுக்குச் செய்து, பத்துப் பதினைந்து நாட்களில் வேகமாகப் பருக்கும் பிஞ்சை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றைப் பறித்துவிடுங்கள். நன்றாக இருக்கும் பிஞ்சுகளைப் பறிக்க மனம் வராது. ஆனால் இரண்டாவது காயை விட்டுவைத்தால் இதுவரை செய்த உழைப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். பறித்த பிஞ்சைக் கூட்டு வைக்கலாம்.

பழ ஈ இளங்காயின் தோலைக் குத்தி முட்டையிடுவதைத் தடுக்க, தோல் தடிக்கும் வரை பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூடிவையுங்கள். துளையிட்ட பிளாஸ்டிக் புட்டியில் நனைத்த கருவாட்டுத் தூளைப் போட்டுத் தோட்டத்து ஓரத்தில் தொங்கவிட்டால் ஈக்கள் அங்கே ஈர்க்கப்படும்.

காய் தேங்காய் அளவு வந்ததும், அதன் கீழே மணல் பரப்பி, காம்பு கொடியோடு ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்கும்படி, பல நாட்களில் சிறிது சிறிதாகத் திருப்பி வையுங்கள். காய் பருக்கும்போது அதன் தோள் கொடியை அழுத்தி நசுக்கக்கூடும். அதனால் காம்புக்கு அருகிலுள்ள கணுக்களில் மட்டும் மண் மூடாமல், கொடி எழும்ப இடம் கொடுக்க வேண்டும். வெயிலில் தோல் முற்றிவிட்டால் பிறகு விரிய முடியாமல் வெடிக்கும். நான்கு கம்பு நட்டு மேலே பனையோலைப் பந்தல் போட்டால் அந்தக் கவலை தீரும்.

நீரும் ஊட்டமும்

பூசணியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். காய் பருக்கும் காலத்தில் நாள்தோறும் காலையில் வேரடிக்கு இரண்டு மூன்று குடமும், மண் மூடிய கணுக்களுக்குச் சிறிதளவும் ஊற்றுங்கள். சில நாட்கள் காயவிட்டு ஒரே நாளில் நிறைய ஊற்றுவது காயை வெடிக்க வைக்கும். பூக்கும் வரை வாரம் ஒரு முறை ஜீவாமிர்தம் என்னும் சாணக் கரைசலையும், பிஞ்சு நின்றபின் மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவில் ஊறவைத்த மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லி வீதம் நீரில் கலந்தும் வேருக்குக் கொடுக்கலாம். தண்டைக் கீறிப் பாலோ சர்க்கரை நீரோ ஏற்றுவதாகச் சொல்லப்படும் வழிகளால் பயனில்லை. கீறிய இடம் அழுகத் தொடங்கும். இலையில் வெண்பொடி படரும் சாம்பல் நோய் கண்டால் கந்தகத் தூளைத் தூவாதீர்கள்; பூசணிக் குடும்பத்தின் இலைகள் அதில் கருகிவிடும். நோய் கண்ட முதல் இலைகளை அகற்றி, காற்றோட்டம் விடுங்கள்.

வாரம் ஒரு முறை தையல் டேப்பால் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். சுற்றளவு 80 செ.மீ.யிலிருந்து 100 செ.மீ. ஆனால், எடை ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது என்று பொருள். அளவு சில வாரங்கள் நகராமல், காம்பு காய்ந்து கட்டைபோலாகி, நகம் தோலில் இறங்காமல் இருந்தால் அறுவடை செய்யலாம். ஒரு வாரம் முன்பே நீரை நிறுத்திவிடுங்கள். காம்பை நான்கு விரல் நீளம் விட்டு அறுத்து, சணல் சாக்கைக் காயின் அடியில் செலுத்தி நான்கு பேர் நான்கு மூலைகளைப் பிடித்துத் தூக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது முறிந்து அங்கிருந்தே அழுகல் தொடங்கும்.

காயை வெட்டிப் பிளக்கும் நாளில் பருத்த விதைகளைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து துணியில் முடிந்து, காயின் எடையையும் கடைசிச் சுற்றளவையும் சீட்டில் எழுதி அதனுடனேயே கட்டிவையுங்கள். அடுத்த மார்கழிக்கு விதை வாங்கத் தேவையில்லை. அடுத்த முறை, மறுநாள் மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தைய மாலையிலேயே நூலால் கட்டிவைத்து, காலையில் மகரந்தம் தடவியவுடன் பெண்பூவின் இதழ்களை மறுபடி கட்டிவிட்டால், வேறு கொடியின் மகரந்தம் கலக்காமல் ரகம் தூய்மையாக நிற்கும்.