சிவப்பு அட்டையை எதிர்த்து மனு எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

கால்பந்தில் முரட்டுத்தனமாக ஆடாதே, நடுவரைத் திட்டாதே என்பதை எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லித் தருகிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். ஆட்டக்காரரை வெளியேற்றும் சிவப்பு அட்டையும் அதோடு வரும் தடையும் விழுந்த பிறகு, அது தவறு என்று காட்டக் கிளம்பும் அணிகள் செய்யும் பிழைகள்தான் எனக்குக் கவலை. ஒழுங்குக் குழுவில் உட்கார்ந்து மேல்முறையீட்டு மனுக்களைப் படிப்பவன் நான். நாங்கள் ஆடிய காலத்தில் எழுதிய அதே வரிகளைப் புதிய அணிகள் இன்றும் எழுதி அனுப்புகின்றன.

"பந்தைத்தான் ஆடினேன், வேண்டுமென்று செய்யவில்லை"

பெரும்பாலான மனுக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. பார்த்ததும் எரிச்சல் வருகிறது. ஜெயிக்க வேண்டிய மனுக்கூட இந்த ஒரு வரியால் தோற்றுப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆட்ட விதிகளில் ஃபவுலைப் பற்றிச் சொல்லும் விதி 12 மனசைக் கேட்பதில்லை. கவனக்குறைவாகக் காலை விட்டால் வெறும் ஃபவுல். எதிராளிக்கு வரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் விட்டால் மஞ்சள், அதாவது எச்சரிக்கை அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு இறங்கினாலோ, எதிராளியின் பாதுகாப்புக்கே ஆபத்து விளைவித்தாலோ சிவப்பு. இந்த மூன்று படிகளில் எதிலும் 'வேண்டுமென்றே' என்ற நிபந்தனை இல்லை. பந்தை முதலில் தொட்டதும் காப்பாற்றாது. தொட்ட வேகத்திலேயே பூட்ஸின் அடிப்பாகம் கணுக்காலில் இறங்கினால் சிவப்புதான்.

2013 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட் ஆட்டம். மேலிருந்து வந்த பந்தை எடுக்க யுனைடெட்டின் நானி காலைத் தூக்கினார், அது மாட்ரிட்டின் அர்பெலோவா மேல் பட்டது, நடுவர் சாகிர் சிவப்பு காட்டினார். அப்போது 1-0 என முன்னிலையில் இருந்த யுனைடெட் கடைசியில் 1-2 என்று தோற்றது. "நானியின் கண் பந்தின் மேல்தான் இருந்தது" என்று உலகமே வாதாடியது. உண்மைதான், ஆனால் அது சிவப்பை மஞ்சளாக்கும் வாதம் அல்ல. அது மஞ்சளுக்குரிய அலட்சியமா, சிவப்புக்குரிய அளவுமீறலா என்று படியைப் பற்றி வாதாடியிருந்தால் பேச இடம் இருந்தது. என் கணிப்பில் அது மஞ்சள்.

ஓர் இளைஞர் அணியின் மனு இன்னும் நினைவில் நிற்கிறது. அவர்கள் அனுப்பிய வீடியோ அருமையான சாட்சி. டேக்கிள் செய்த, அதாவது பந்தைப் பறிக்கக் காலை நீட்டிய, பையனின் முழங்கால் மடங்கியிருந்தது, பாதம் தரையோடு சறுக்கியது, உரசல் லேசானது. ஆனால் மனுவில் இதில் ஒன்றுகூட இல்லை. பையன் எவ்வளவு நல்லவன் என்பதே பக்கம் முழுக்க. விசாரணையில் தலைவர் கேட்டார்: "தம்பி, அவர் வர்றதைப் பார்த்தீங்களா?" பையன் வெள்ளந்தியாகச் சொன்னான்: "பார்க்கவே இல்லை சார். பார்த்திருந்தாலும் வந்த வேகத்துக்கு நின்னிருக்க முடியாது." தன் குற்றமின்மையைச் சொல்வதாக நினைத்து, கட்டுப்பாடு இல்லாமல் பாய்ந்ததாக அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டான். தடை அப்படியே நின்றது. அவனுக்கு அந்தப் பதிலின் பொருளை முன்கூட்டியே விளக்காத பெரியவர்கள் மேல்தான் எனக்கு இன்றும் கோபம்.

எழுத வேண்டியவை இவை: எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார், கால் நீண்டிருந்ததா மடங்கியிருந்ததா, ஒரு காலா இரு காலா, எந்த உயரத்தில் பட்டது, பாதத்தின் எந்தப் பகுதி பட்டது, கடைசி நொடியில் வேகத்தைக் குறைத்தாரா.

காயத்தின் கொடுமையும் அளவுகோல் அல்ல. 2019 நவம்பரில் எவர்ட்டனின் ஆந்த்ரே கோம்ஸின் கணுக்கால் கோரமாக முறிந்தபோது, அவரை டேக்கிள் செய்த டாட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின்னுக்கு மஞ்சள் எடுத்த நடுவர் பிறகு சிவப்பைக் காட்டினார். மேல்முறையீட்டில் அந்தச் சிவப்பு ரத்தானது. எதிரணி வீரர் ஸ்ட்ரெச்சரில் போனார் என்பதற்காகவே மனுப் போடாமல் ஒதுங்கிவிடும் அணிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அடி படவே இல்லையே"

பட வேண்டியதில்லை. பந்துக்குப் போட்டியிடாத நேரத்தில் அடிக்க முயன்றாலே வன்முறை நடத்தைதான்.

"நான் கடைசி ஆள் இல்லை"

கோல் வாய்ப்பைத் தடுத்ததற்கான சிவப்பில் 'கடைசி ஆள்' (கோல்கீப்பருக்கு முன் மிஞ்சியிருக்கும் கடைசித் தடுப்பாளர்) என்று ஒரு விதி கிடையாது. கோலுக்கு இருந்த தூரம், ஆட்டம் போன திசை, பந்து தாக்கும் வீரரின் கட்டுப்பாட்டில் இருந்திருக்குமா, தடுப்பாளர்கள் எத்தனை பேர், எங்கே நின்றார்கள் என்று நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதில் ஒன்றை உடைக்க முடிந்தால் மனுவுக்கு உயிர் உண்டு. 2014-ல் செல்சியுடனான ஆட்டத்தில் ஆர்சனலின் ஆக்ஸ்லேட்-சேம்பர்லெய்ன் பந்தைக் கையால் தடுத்தார். நடுவரோ ஆள் மாறி அதே அணியின் கிப்ஸை வெளியே அனுப்பினார். பிறகு இருவருக்குமே தடை இல்லை என்று ஆனது, ஏனென்றால் அந்தப் பந்து கோலுக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.

2016-க்குப் பிறகு இன்னொன்றும் உண்டு. பெனால்டி பகுதிக்குள் பந்தை எடுக்க உண்மையாக முயன்றதில் ஃபவுல் ஆகி, பெனால்டியும் கொடுக்கப்பட்டால் மஞ்சள் போதும். பிடித்து இழுத்ததற்கும் தள்ளியதற்கும் இந்தச் சலுகை இல்லை.

நடுவரைத் தொடுவது

1998-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வெனஸ்டே அணி வீரர் டி கானியோ நடுவரைத் தள்ளினார். 11 ஆட்டங்கள் தடை.

மனுவுக்கு இடம் உண்டா என்று பார்க்காமல் எழுதுவது

சில போட்டிகளில் நடுவரின் களத் தீர்ப்பை எதிர்க்க வழியே இல்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, ஆள் மாறாட்டம் போன்ற வெளிப்படையான பிழை இருந்தால் மட்டுமே தடையை மறுபரிசீலனை செய்வார்கள். 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் குரோஷியாவின் பிலிச் முகத்தைப் பிடித்துக்கொண்டு விழ, பிரான்ஸின் லோரான் பிளாங்க் வெளியேற்றப்பட்டார். அந்த அட்டையைப் பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை, ஆனாலும் சொந்த மண்ணில் நடந்த இறுதி ஆட்டத்தை அவரால் ஆட முடியவில்லை. ஆதாரமே இல்லாத மனுவுக்குத் தடையை நீட்டிக்கும் சங்கங்களும் உண்டு. போட்டி விதிப்புத்தகத்தையும் காலக்கெடுவையும் அன்றிரவே படியுங்கள்.

ஸ்லோ மோஷன் வீடியோ மட்டும் அனுப்புவது

மெதுவாக ஓட்டினால் சாதாரண உரசலும் திட்டமிட்ட மிதி போலத் தெரியும். நடுவருக்கு வீடியோ பார்த்து உதவும் வீ.ஏ.ஆர் நடைமுறையிலேயே, கால் எங்கே பட்டது என்று பார்க்கத்தான் ஸ்லோ மோஷன். எவ்வளவு பலம் என்று பார்க்க இயல்பு வேகம். இரண்டையும் அனுப்புங்கள், இயல்பு வேகத்தை முதலில் வையுங்கள்.