ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு லிட்டர் பாட்டிலும்

மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கட்டட வேலைக்கு வந்த வங்காள, ஒடிசா இளைஞர்கள் வயிற்றுப்போக்கைச் சைகையிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது அவர்களுக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. வடக்கிலிருந்து வந்தால் இந்தி தெரியும் என்பது நம் நினைப்பு. பலருக்கு அது அரைகுறைதான்.

ஒருவர், வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் தூளான ஓ.ஆர்.எஸ்.ஸின் பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரே டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டு, வாந்தியோடு திரும்பி வந்தார். சுமார் 21 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. 4 கிராம் சொச்சம் உள்ள சிறியது 200 மில்லிக்கு. கரைசல் கெட்டியானால் உடலில் உப்பு ஏறிவிடும், ஆபத்து.

இப்போது நான் பேசுவது குறைவு. ஒரு லிட்டர் பாட்டிலை மேசைமேல் வைத்துச் செய்துகாட்டுகிறேன். பிறகு அவர்களையே செய்யச் சொல்கிறேன். தலையாட்டலை நான் நம்புவதில்லை, புரியாவிட்டாலும் மரியாதைக்கு ஆட்டுவார்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான் என்பதற்குக் கடிகாரப் படம். மாத்திரைக் கவரில் ‘1-0-1’ (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) என்று எழுதுவதில்லை. சூரியன், நிலா வரைந்து, கீழே மாத்திரையையே ஒட்டிவிடுகிறேன்.

மேஸ்திரியை வைத்து மொழிபெயர்ப்பதையும் நிறுத்திவிட்டேன். கூலி போய்விடுமோ என்ற பயத்தில், அவர் முன்னால் யாரும் காய்ச்சலைக்கூட ஒப்புக்கொள்வதில்லை.