டேட்டாபேஸ் கனெக்ஷன் எதுவரை போய் நின்றது?

"டிபி கனெக்ட் ஆகலைக்கா" என்று ஃபோன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எதுவரை போச்சு?"

ஜாவா நிரலிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகிற வழியில் வரிசையாகச் சில வாசல்கள் இருக்கின்றன. முதலில் டிரைவர், அதாவது அந்த டேட்டாபேஸோடு பேசத் தெரிந்த நூலகம், கிடைக்க வேண்டும். சர்வர் மெஷினை எட்ட வேண்டும், அங்கே போர்ட் திறந்திருக்க வேண்டும். டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (பேச்சை மறைகுறியாக்க இரு பக்கமும் ஒத்துக்கொள்வது) முடிய வேண்டும், யூசரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் கிடைக்கிற எரர் வேறு. எந்த வாசல் என்று பார்க்காமல் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பதும் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவதும் பிரச்சினையை இன்னும் சிக்கலாக்கும்.

மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் 14 வருடமாக ஜாவா பில்லிங் சாஃப்ட்வேர்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வரும் தம்பி தங்கைகள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம், ஸ்டாக் டிரேஸின் (எரர் வந்த வழியைக் காட்டும் நீண்ட பட்டியல்) முதல் ஐந்து வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது. அங்கே ஸ்பிரிங், ஹைபர்னேட் போன்ற ஃப்ரேம்வொர்க்குகள் புலம்பியதுதான் இருக்கும். கீழே இறங்கிக்கொண்டே போங்கள். கடைசியாக வருகிற "காஸ்ட் பை" வரிதான் நமக்கு வேண்டியது. கீழே சொல்லும் எரர்களில் பெரும்பாலானவை அந்த வரியில் வருபவை.

டிரைவர் கிடைக்கவில்லை என்றால்

"நோ சூட்டபிள் டிரைவர் ஃபவுண்ட் ஃபார்..." என்று வந்தால் நெட்வொர்க்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நிரல் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. டிரைவர் மேனேஜர் தன்னிடம் பதிவாகியிருக்கும் ஒவ்வொரு டிரைவரிடமும் யூஆர்எல்லை (டேட்டாபேஸின் முகவரி) காட்டி "இது உன்னுடையதா?" என்று கேட்கும். எல்லாம் இல்லை என்று சொன்னால் இந்த எரர். ஆக, டிரைவர் ஜார் (ஜாவா கோடைக் கட்டி வைத்த ஃபைல்) இல்லை, அல்லது யூஆர்எல் தப்பு.

யூஆர்எல்லை முதலில் பாருங்கள், ஏனென்றால் அது எரரிலேயே இருக்கிறது. "ஃபார்" என்ற சொல்லுக்கு அப்புறம் அச்சாகியிருப்பது நிரலுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த யூஆர்எல். நீங்கள் ஃபைலில் எழுதியதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு முறை அந்த இடத்தில் யூஆர்எல்லுக்கு முன்னால் ஒரு இரட்டை மேற்கோள் குறி நின்றது. டாக்கருக்குக் கொடுத்த என்வ் ஃபைலில் (என்விரான்மென்ட் வேரியபிள்களை எழுதி வைக்கும் ஃபைல்) மதிப்பை மேற்கோளுக்குள் எழுதியிருந்தார்கள். ஷெல் அந்தக் குறியைக் கழற்றிவிடும். டாக்கர் ரன் கட்டளை கழற்றாது, குறியோடு சேர்த்தே உள்ளே அனுப்பிவிடும். போஸ்ட்கிரெஸில் இன்னொரு பழைய தப்பு உண்டு. யூஆர்எல்லின் தொடக்கத்தில் வரும் "ஜேடிபிசி"-க்கு அடுத்து "போஸ்ட்கிரெஸ்கியூஎல்" என்று முழுப் பெயர் வேண்டும், "போஸ்ட்கிரெஸ்" என்று சுருக்கினால் அது வேறு ஆள்.

யூஆர்எல் சரி என்றால் ஜார். "மைனஸ் ஜார்" போட்டு ஓட்டும்போது, பக்கத்திலேயே கொடுத்த கிளாஸ்பாத்தை (ஜார்கள் இருக்கும் இடங்களின் பட்டியல்) ஜாவா கண்டுகொள்ளாது. எச்சரிக்கைகூட வராது. டிரைவரை அந்த ஜாருக்குள்ளேயே வைக்க வேண்டும், அல்லது அதன் மேனிஃபெஸ்டில் பாதை எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஜாராகக் கட்டுகிறீர்களா? அப்போது இன்னொரு பொறி இருக்கிறது. ஜாவா 6 காலத்திலிருந்து, அதாவது 2006-லிருந்து, ஒவ்வொரு டிரைவர் ஜாரும் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரின் சர்வீசஸ் பகுதியில் ஒரு சின்ன ஃபைலில் தன் கிளாஸ் பெயரை எழுதி வைத்திருக்கும். "கிளாஸ் ஃபார்நேம்" இல்லாமலே டிரைவர் தானாக ஏறுவது அதனால்தான். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் ஒரே ஜாரில் கட்டும்போது இரண்டு ஃபைலுக்கும் ஒரே பெயர் என்பதால் ஒன்றை மற்றது அழித்துவிடும். ஒரு டேட்டாபேஸ் வேலை செய்யும், மற்றதற்கு "நோ சூட்டபிள் டிரைவர்" வரும். ஒரே ஜாராகக் கட்ட மேவன் ஷேட் பயன்படுத்தினால் சர்வீசஸ் ரிசோர்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகி வரும்.

டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் இந்தத் தானாக ஏறும் வேலையை நம்பாதீர்கள். அந்தத் தேடல் ஜேவிஎம் கிளம்பும்போது ஒரே ஒரு முறை நடக்கிறது, உங்கள் அப்ளிகேஷனின் லிப் ஃபோல்டர் அதன் கண்ணில் படாது. அங்கே டிரைவர் கிளாஸ் பெயரை பூல் (கனெக்ஷன்களைத் திறந்து வைத்துக் கேட்பவர்களுக்குத் தருவது) அமைப்பில் வெளிப்படையாகவே எழுதுங்கள். டாம்கேட்டே டேட்டாசோர்ஸைக் கொடுக்கிறது என்றால் ஜார் டாம்கேட்டின் சொந்த லிப் ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

நெட்வொர்க்

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். "கனெக்ஷன் ரெஃபியூஸ்டு" என்றால் பெரும்பாலும் மெஷின் வரை போயாகிவிட்டது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. "கனெக்ட் டைம்ட் அவுட்" என்றால் போன பாக்கெட்டுக்குப் பதிலே வரவில்லை. ஃபயர்வாலைப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

டெல்நெட்டோ என்சி-யோ வைத்து மைஎஸ்கியூஎல்லின் 3306 அல்லது போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்க்காதீர்கள், அப்ளிகேஷன் ஓடுகிற இடத்திலிருந்து பாருங்கள். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் கன்டெய்னருக்குள் போய்ப் பாருங்கள். அங்கே "லோக்கல்ஹோஸ்ட்" என்பது அந்தக் கன்டெய்னரேதான், உங்கள் மெஷின் இல்லை. உபுண்டுவில் நிறுவிய மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் வந்தபடியே விட்டால் தன் மெஷினுக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். மைஎஸ்கியூஎல்லில் பைண்ட் அட்ரஸ், போஸ்ட்கிரெஸில் லிசன் அட்ரசஸ் என்ற அமைப்பை மாற்ற வேண்டும்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும்

"ஆக்சஸ் டினைடு ஃபார் யூசர்" வரியைக் கடைசி வரை படியுங்கள். அடைப்புக்குறிக்குள் "யூசிங் பாஸ்வேர்டு" என்று போட்டு எஸ் அல்லது நோ என்று இருக்கும். நோ என்றால் பாஸ்வேர்டு தப்பில்லை, பாஸ்வேர்டு போகவே இல்லை. என்விரான்மென்ட் வேரியபிள் காலி, அவ்வளவுதான். இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் பாதி நாள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி வைத்த கதை எங்கள் ஆபீசிலேயே உண்டு. (நான்தான்.) அதே வரியில் யூசர் பெயருக்கு அடுத்து ஒரு ஐபி முகவரி இருக்கும். மைஎஸ்கியூஎல்லுக்கு யூசர் என்றால் பெயரும் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் உருவாக்கிய யூசர் 172-ல் தொடங்கும் டாக்கர் முகவரியிலிருந்து வந்தால் அவர் வேறு மனிதர்.

எஸ் என்று இருக்கிறது, பாஸ்வேர்டும் கமாண்ட் லைனில் வேலை செய்கிறது, ஜாவாவில் மட்டும் இல்லை என்றால் ஃபைலைச் சந்தேகப்படுங்கள். ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் வரியின் கடைசியில் இருக்கும் ஸ்பேஸ் பாஸ்வேர்டோடு சேர்ந்துவிடும். எடிட்டரில் அது கண்ணுக்குத் தெரியாது. லினக்ஸில் கேட் கட்டளையைப் பெரிய ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் வரி முடிகிற இடத்தில் ஒரு டாலர் குறி வரும். கடைசி எழுத்துக்கும் டாலருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதுதான் குற்றவாளி. பாஸ்வேர்டில் பின்சாய்வுக் கோடு இருந்தால் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் அதை விழுங்கிவிடும், இரண்டு முறை எழுத வேண்டும். யாமல் ஃபைலில் இன்னொரு வேடிக்கை. பாஸ்வேர்டு 012345 என்று மேற்கோள் இல்லாமல் எழுதினால், பூஜ்யத்தில் தொடங்குவதால் அதை எட்டடிமான (ஆக்டல்) எண் என்று எடுத்துக்கொண்டு 5349 என்று அனுப்பிவைக்கும்.

மைஎஸ்கியூஎல் 8-ல் "பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்டு" என்று ஒன்று வரும். நேற்று வரை வேலை செய்தது, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணியதும் வருகிறது என்பார்கள். பொய் இல்லை. 8-லிருந்து இயல்பான லாகின் முறை மாறிவிட்டது. ஒரு முறை முழுதாகச் சரிபார்த்த பாஸ்வேர்டின் ஹாஷைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் எளிதாக உள்ளே விடும். ரீஸ்டார்ட் ஆனால் நினைவு போய்விடும். மறுபடி முழுச் சரிபார்ப்புக்கு டிஎல்எஸ் வேண்டும், அல்லது சர்வரின் பப்ளிக் கீ வேண்டும். யூஆர்எல்லில் எஸ்எஸ்எல்லை (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) அணைத்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வம்பு. கீயை வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் ஆப்ஷனைச் சேர்த்தால் எரர் போகும், இணையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நடுவில் ஒருவர் தன் கீயைக் கொடுத்துப் பாஸ்வேர்டைப் பிடிக்க அது வழிவிடும். டெவலப்மென்ட் மெஷினில் மட்டும் வைத்துக்கொண்டு, லைவில் டிஎல்எஸ்ஸைப் போடுங்கள்.

டிஎல்எஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. "நோ அப்ரோப்ரியேட் புரோட்டோகால்" என்று வந்தால், ஜாவாவை அப்டேட் பண்ணினீர்களா என்று கேளுங்கள். 2021 ஏப்ரலில் வந்த ஜாவா 8, 11 அப்டேட்களில் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் இயல்பிலேயே மூடப்பட்டன. பழைய டிரைவர்களில் சில, சர்வருக்கு 1.2 தெரிந்தாலும் அதை முயன்றே பார்க்காது. டிரைவரைப் புதுப்பியுங்கள். ஜாவாவின் செக்யூரிட்டி ஃபைலில் போய்த் தடையை எடுத்துவிடுவது வாசல்படி தட்டுகிறது என்று கதவைக் கழற்றுகிற வேலை.

இன்னொன்று நம் ஊருக்கென்றே வந்த எரர். சர்வரின் டைம்சோன் "ஐஎஸ்டி" புரியவில்லை என்று மைஎஸ்கியூஎல் டிரைவர் நிற்கும். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே சுருக்கம் என்பதால் அதன் குழப்பம் நியாயம்தான். யூஆர்எல்லில் சர்வர் டைம்சோனை ஏசியா/கொல்கத்தா என்று எழுதினால் தீர்ந்தது. டிரைவர் 8.0.23-க்கு வந்தாலும் அந்த எரர் போய்விடும்.

பூல் காலி

"கனெக்ஷன் இஸ் நாட் அவெய்லபிள், ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் ஆஃப்டர் 30000" என்று ஹிகாரி என்ற பூல் நூலகம் சொன்னால், புதிய பதிப்புகளில் பக்கத்திலேயே நாலு எண்கள் இருக்கும். டோட்டல் 0 என்றால் பூலால் ஒரு கனெக்ஷன்கூடத் திறக்க முடியவில்லை, மேலே சொன்ன வாசல்களுக்குத் திரும்பிப் போங்கள். டோட்டல் 10, ஆக்டிவ் 10, ஐடில் 0 என்றால் டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருக்கிறது, வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை.

உடனே பூலை 50 ஆக்கத் தோன்றும். நாலு சர்வரில் 50 என்றால் 200. மைஎஸ்கியூஎல் வந்தபடி விட்டால் 151 கனெக்ஷன்தான் ஏற்கும், போஸ்ட்கிரெஸ் 100. அதற்குப் பதில் லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்டை 60000 என்று வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கனெக்ஷனைப் பிடித்திருக்கும் கோடு எது என்று ஸ்டாக் டிரேஸோடு லாகில் வரும். எங்களுக்கு ஒரு முறை வந்து நின்றது, பில் போட்டதும் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிற மெத்தட். டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே எஸ்எம்எஸ் கேட்வேயின் பதிலுக்குக் காத்திருந்தது. கேட்வே மந்தமான அன்று பத்துக் கனெக்ஷனும் அங்கேயே மாட்டிக்கொண்டன. எஸ்எம்எஸ்ஸைக் கமிட்டுக்கு அப்புறம் தள்ளினோம், பூல் பத்தாகவே இருக்கிறது.

திங்கட்கிழமை 9:10

விருதுநகரில் ஒரு மொத்த வியாபாரக் கடை. திங்கள்தோறும் காலை 9:10-க்கு ஃபோன். "மேடம், முதல் பில் அடிச்சா எரர். திரும்ப அடிச்சா சரியா வருது." ஒரு மாதம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

லாகில் "கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்". அதற்குக் கீழே, சர்வரிடமிருந்து கடைசி பாக்கெட் வந்து இத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று ஒரு எண் இருந்தது. இந்த எண்ணை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். அன்றைக்கு அது 13 கோடியே 20 லட்சம். ஆயிரத்தால் வகுத்து, 3600-ஆல் வகுத்தால் 36 மணி 40 நிமிடம். திங்கள் 9:10-லிருந்து பின்னால் எண்ணினால் சனிக்கிழமை இரவு 8:30. கடை மூடும் நேரம்.

மைஎஸ்கியூஎல்லின் வெயிட் டைம்அவுட் இயல்பாக 28800 வினாடி, அதாவது 8 மணி நேரம். அதுவரை சும்மா கிடக்கும் கனெக்ஷனைச் சர்வர் மூடிவிடும், நம் பக்கம் தெரியாது. மற்ற நாட்களில் ராத்திரி ஓடும் ஸ்டாக் கணக்கு வேலை கனெக்ஷனை உயிரோடு வைத்திருந்தது, சனி, ஞாயிறு ராத்திரி அது ஓடாது. இரண்டாவது முறை சரியாக வந்ததற்குக் காரணம் யூஆர்எல்லில் யாரோ போட்டு வைத்த ஆட்டோ ரீகனெக்ட். அது முதல் குவெரியைப் பலி கொடுத்துவிட்டுத்தான் புதுக் கனெக்ஷனைத் திறக்கும். பாதியில் போன டிரான்சாக்ஷன் பற்றிக் கவலைப்படாது. டிரைவர் எழுதியவர்களே அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

அதை எடுத்துவிட்டு, கையால் எழுதிய பழைய பூலையும் எடுத்துவிட்டு ஹிகாரியைப் போட்டோம். அதில் மேக்ஸ் லைஃப்டைம் இயல்பாக 30 நிமிடம், சர்வரின் 8 மணி நேரத்துக்கு வெகு கீழே. அந்த ஒரு விதி போதும். சர்வர் மூடுவதற்கு முன் பூல் மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் ஃபயர்வாலோ கிளவுடின் நாட் (முகவரியை மாற்றி அனுப்பும் இடைவாசல்) என்பதோ இருந்தால் அதன் கெடுவும் கணக்கில் வரும். அமேசானின் நாட் கேட்வே 350 வினாடி சும்மா கிடந்தால் தொடர்பை மறந்துவிடும். அதற்கு ஹிகாரியின் கீப்அலைவ் டைமை அதற்கும் கீழே வையுங்கள். சில ஃபயர்வால்கள் சொல்லாமல் கொள்ளாமல் பாக்கெட்டைத் தூக்கிப் போடும், எரர்கூட வராது, குவெரி அப்படியே தொங்கும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டு டிரைவரிலும் சாக்கெட் டைம்அவுட் இயல்பாகப் பூஜ்யம், அதாவது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். உங்கள் நீளமான ரிப்போர்ட் எடுக்கும் நேரத்தைவிடச் சற்று அதிகமாக ஒரு எண் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த திங்களும் 9:10-க்கு அதே நம்பரிலிருந்து ஃபோன். லேப்டாப்பைத் திறந்துகொண்டே எடுத்தேன். பில் பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது.