வளரும் நகரில் பள்ளிக்கு இடம் தேடுவது எப்படி

பள்ளிக்கு இடம் தேடக் கிளம்பும் குழு வழக்கமாக முதலில் கேட்பது, "சும்மா கிடக்கிற நிலம் எங்கே இருக்கிறது?" என்றுதான். சுற்றிலும் வீடுகள் முளைக்கும் பகுதியில் ஒரு மனை மட்டும் இன்னும் சும்மா கிடந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். தண்ணீர் தேங்கும், வழக்கு நடக்கும், வழி இருக்காது, மண்ணுக்கடியில் ஏதாவது புதைந்திருக்கும். அதனால் தேடலைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள்.

கட்டட அனுமதி வாங்கிய வீடுகளின் எண்ணிக்கையை எடுங்கள். வீட்டுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதற்கு நகரம் முழுவதற்குமான சராசரி உதவாது. அதே அளவுள்ள வீடுகளோடு நாலைந்து ஆண்டுகளுக்கு முன் குடியேறிய பகுதி ஒன்றில் நேரில் எண்ணுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 3,000 வீடுகள், வீட்டுக்கு 0.25 தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளை என்றால் 750 பேர். ஐந்தில் நான்கு பேர் இந்தப் பள்ளிக்கு வருவார்களானால் 600. ஐந்து வகுப்புகளுக்குப் பிரித்தால் வகுப்புக்கு 120 பேர். பிரிவுக்கு 30 பேர் வீதம் மொத்தம் 20 அறைகள் வேண்டும். புதுக் குடியிருப்பில் இளம் குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். இறங்கிய பின் நிற்கும் எண்ணிக்கைக்கு நிரந்தரக் கட்டடம் போதும். உச்சக் காலத்துக்குத் தற்காலிக வகுப்பறைகள் வைக்க வெற்றிடம் விட்டால் சரி.

அடுத்து வரைபடம். பள்ளியைச் சுற்றி 1 கி.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் நடந்து வந்துவிடுவார்கள் என்று எழுதுவது பழைய தவறு. அந்த வட்டத்தின் பரப்பு 3.14 ச.கி.மீ. கட்டம் கட்டமாகத் தெருக்கள் போகும் இடத்தில் 1 கி.மீ. நடந்து எட்ட முடிவது 2 ச.கி.மீ. மட்டுமே. நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ நெடுஞ்சாலையோ வந்தால் இன்னும் சுருங்கும். தெரு வழியாகவே அளந்து எல்லையைப் போடுங்கள். சிறுபிள்ளைக்கு 1 கி.மீ. என்பது ஏறக்குறைய 15 நிமிட நடை.

இப்போது பரப்பு. அறைக்கு 50 ச.மீ. வீதம் 20 அறைகளுக்கு 1,000 ச.மீ. நூலகம், அலுவலகம், கழிப்பறை, நடைவழி, படிக்கட்டு எல்லாம் சேர்த்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டும், 2,200 என்று வையுங்கள். மூன்று தளமாகக் கட்டினால் தரையில் 750 ச.மீ. பிடிக்கும். பாதிப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் விளையாட, ஆளுக்கு 5 ச.மீ. வீதம் 1,500. சுற்று இடைவெளி, தீயணைப்பு வண்டி வழி, தண்ணீர்த் தொட்டி, தற்காலிக அறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு 1,750. மொத்தம் 4,000 ச.மீ., கிட்டத்தட்ட 1 ஏக்கர். விளையாட்டிடத்தைப் பக்கத்துப் பூங்காவோடு பகிரலாம் என்று யாராவது சொன்னால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பரப்பைக் குறைக்காதீர்கள்.

முகப்பின், அதாவது மனை தெருவைத் தொடும் பக்கத்தின், நீளத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 600 பேரில் 120 பேர் ஆளுக்கொரு வண்டியில் வருகிறார்கள், எல்லாரும் 20 நிமிடத்துக்குள் வருகிறார்கள், ஒரு வண்டி 3 நிமிடம் நிற்கிறது என்றால், ஒரே நேரத்தில் 18 வண்டிகள் நிற்கும். காருக்கு 7 மீட்டர் வீதம் 126 மீட்டர் ஓரம் தேவை. 30 மீட்டர் முகப்புள்ள மனையில் மிச்ச வண்டிகள் சாலையில்தான் நிற்கும். இரண்டு பக்கம் தெரு உள்ள மனையைத் தேடி, வாசலைச் சின்னத் தெருவில் வையுங்கள்.

தகுதியற்ற மனைகளை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள். எந்த அம்சத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற எடைகளை மனைகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். பிடித்த மனை ஜெயிக்கும்படி எடைகளைப் பிறகு திருத்தும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும்.

கழிப்பதற்கான காரணங்களில் வெள்ளம் முதலாவது. நூறு ஆண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் 1% வாய்ப்பு என்று பொருள். 50 ஆண்டு நிற்கும் கட்டடத்துக்கு அது ஒருமுறையாவது வர 39% வாய்ப்பு உண்டு. பெருமழை நாளில் நேரில் போய், மனையோடு வழிப்பாதையையும் பாருங்கள். அக்கம்பக்கச் சுவர்களில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து குறியுங்கள்.

இரண்டாவது, நிலத்தின் பழைய வாழ்க்கை. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கால்வாய் என்ற இடத்தை, ரசாயனக் கழிவு புதைத்த ஒரு நிறுவனம் 1953-இல் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்குக் கொடுத்தது. பள்ளி கட்டினார்கள். கசிவு வெளிப்பட்டு 1978-இல் அதை மூட வேண்டியதாயிற்று. வானிலிருந்து எடுத்த பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் குப்பைமேடு, பட்டறை, எரிபொருள் நிலையம் இருந்தது பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மண்ணும் நிலத்தடி நீரும் ஆய்வகத்துக்குப் போகட்டும். குப்பை கொட்டி மேடாக்கிய இடத்தில் மீத்தேன் என்ற எரியும் வாயுவுக்கான சோதனையும் தேவை.

மண் பரிசோதனைக்கு நடுவில் ஒன்று, மூலைகளில் நான்கு என ஐந்து துளைகள் போடச் சொல்லுங்கள். ஒரே துளையை நம்பினால், பாதி மனை கொட்டி நிரப்பிய மண் என்பது அடித்தளம் தோண்டும்போதுதான் தெரியவரும். நிரப்பிய மண் சீரற்று இறங்கும். நனைந்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண் சுவரைப் பிளக்கும். கட்டலாம்தான், ஆனால் அடித்தளச் செலவு ஏறும். அதை நிலத்தின் விலையோடு கூட்டிய பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

சத்தத்தைப் பள்ளி நேரத்தில் அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல் வகுப்பறைக்குள் 35 டெசிபல், விளையாட்டிடத்தில் 55 டெசிபல் என்கிறது. கட்டடத்தைப் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓயாமல் வண்டி ஓடும் சாலையிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் குறைவது ஏறக்குறைய 3 டெசிபல்தான். சன்னலைத் திறந்து பாடம் நடத்தும் பள்ளியில் இது பெரிய விஷயம்.

மனைப்பிரிவு போடுபவர் பள்ளிக்கென ஒதுக்கும் இடம் அநேகமாக முக்கோண மூலை, மின்கம்பிக்குக் கீழ், அல்லது வடிகால் ஓரத் தாழ்நிலம். விற்காத துண்டு அதுதானே! அனுமதி கொடுக்கும் கட்டத்திலேயே பரப்போடு வடிவம், குறைந்தபட்ச முகப்பு, தரைமட்டம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றையும் நிபந்தனையாக எழுதுங்கள். நீள அகல விகிதம் இரண்டரைக்கு ஒன்றைத் தாண்டினால் விளையாட்டிடம் நடைபாதையாகிவிடும்.

உரிமைப் பத்திரம், வழக்கு, வாரிசு, பாதை உரிமை எல்லாம் பார்த்து நிலம் கைக்கு வந்ததும், நில அளவையரை வைத்து எல்லைக்கல் நட்டு அந்த வாரமே வேலி போடுங்கள். கட்டடம் தொடங்க இரண்டு ஆண்டு ஆகலாம். அதற்குள் காலி மனையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போனால், மண் பரிசோதனையை மறுபடி செய்ய நேரிடும்.