ரோபோ உதவியுடன் புராஸ்டேட் அறுவை சிகிச்சை: நோயாளி அறிந்து செல்ல வேண்டியவை

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரோபோ அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி போன்ற கருவிகள் தாமாக எதையும் வெட்டுவதில்லை என்பதையும், அருகில் அமர்ந்திருக்கும் மருத்துவரின் கையசைவையே அவை பின்பற்றுகின்றன என்பதையும் முதலில் மனத்தில் இருத்துங்கள். ஆகவே, இயந்திரத்தைவிட மருத்துவரின் அனுபவமே முக்கியம். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.

முழு மயக்கத்தில், வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்வார்கள். விழித்தபின் தோள்பட்டை வலித்தால் அது பெரும்பாலும் அந்த வாயுவின் விளைவே; சில நாளில் தணியும். சிறுநீரை வெளியேற்றப் பொருத்தும் குழாய் (கதீட்டர்) ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். அதை எடுத்தபின் சிறுநீர்க் கசிவு சில மாதங்கள்கூட நீடிக்கலாம் என்பதால், சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சலோ கால் வீக்கமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.